மெஷினுக்கு ஒப்பாரி

"என் ராசாவே, உன்னை இவனுங்க கையில குடுத்துட்டு நான் என்னத்தச் செய்வேன்!"

இரும்பு கடையும் சிஎன்சி மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரேவதி அழுத அழுகையில், பாகலூர் ரோட்டுப் பட்டறைக்காரர்கள் பாதிப்பேர் கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. சேலையெல்லாம் கிரீஸ்.

வாசலில் கிரேன் வைத்த லாரி நின்றது. வாடகைக்கு விட்ட மெஷினைத் தூக்கிப்போகச் சேலத்து லீசிங் கம்பெனி அனுப்பிய அழகர்சாமிக்கு மீசை மட்டும்தான் முரடு. பெண்கள் அழுதால் ஆளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பட்டறை முதலாளி நாராயணப்பன் மூலையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அது. வண்டிக் கம்பெனிகள் ஆர்டரை நிறுத்திவிட்டன. மெஷின் ஓடவில்லை, வாடகை மட்டும் நிற்காமல் ஓடியது. மூன்று மாதமாக அவர் கட்டவில்லை, ஒப்பந்தமோ இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

"அண்ணே, அண்ணியக் கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லுங்கண்ணே," என்றான் அழகர்சாமி. நாராயணப்பன் இருமினார்.

வழக்கமாக நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஆற அமர வருகிற கம்பெனிதான். ஆனால் முந்தின நாள் யாரோ ஒரு பெண் ஆபீசுக்குப் போன் போட்டு, நாராயணப்பன் மெஷினைக் கர்நாடகாவுக்குக் கடத்தப் போகிறார் என்று சொல்லிவிட்டாள். எல்லை கூப்பிடு தூரம். தாண்டிவிட்டால் எந்த ஷெட்டில் போய்த் தேடுவது?

அழகர்சாமி குனிந்து பார்த்தான். தரையோடு முடுக்கியிருக்க வேண்டிய போல்ட்டுகள் எல்லாம் எண்ணெய் விட்டுக் கழற்றப்பட்டிருந்தன. போனில் வந்த சேதி நிஜம்தான் என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. வேலையும் மிச்சம்.

கிரேன் கொக்கி இறங்கியதும் ரேவதி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மெஷினோடு தானும் லாரியில் ஏறிச் சேலத்துக்கே வந்துவிடுவதாகச் சொன்னாள். இன்றைக்கு மெஷினைத் தூக்கிவிட்டு நாளைக்கு மிச்ச வாடகைக்கும் வந்து நிற்பீர்களா என்று கேட்டு மார்பில் அடித்துக்கொண்டாள்.

அழகர்சாமி மேனேஜருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் இருந்தவருக்கு இவன் பேசியதைவிட அழுகைதான் நன்றாகக் கேட்டது. எதையாவது எழுதிக்கொடுத்துவிட்டு முதலில் வண்டியை எடு என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாடகை பாக்கி எதுவும் இல்லை என்று அவன் எழுதி நீட்டினான். ரேவதி விசும்பிக்கொண்டே வாங்கிப் படித்தாள்.

"இது பத்தாது தம்பி. ஒப்பந்தம் இன்னையோட முடிஞ்சுது, இனிமே ரெண்டு தரப்புக்கும் எந்தக் கோரிக்கையும் கெடையாதுன்னு போடு. கீழ கம்பெனி சீல் வை."

சொல்லி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தாள். விட்டால் போதும் என்று அழகர்சாமி அப்படியே எழுதிச் சீலைக் குத்தினான்.

மெஷின் லாரி ஏறியது. கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடி அழுத ரேவதி, வண்டி திருப்பத்தில் மறைந்ததும் நின்று மூக்கைச் சிந்தினாள். கொண்டையைப் போட்டுக்கொண்டு, அந்தத் தாளை நாராயணப்பன் கையில் கொடுத்தாள்.

அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மெஷின எடுத்துக்கிட்டு ஒப்பந்தத்த முடிச்சு விடுங்கன்னு ஒரு வருசமா அவனுங்க கால்ல விழுந்தேன். அப்ப ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல," என்றார். உடனே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அழுததுக்குத் தனி ஃபீஸுங்களா, வக்கீலம்மா?"