மாடியில் ஒரு வெயில்

சின்ன காஞ்சிபுரத்தில் தன் வீட்டு மொட்டைமாடியில் தபஸ்ஸும் ஒரு கண்ணாடிக் குழாய் முன் குனிந்து நிற்கிறாள். குழாயில் மஞ்சள் நிற வினையூக்கிப் பொடி கலந்த தண்ணீர். அப்பா அப்துல் சத்தாரின் சோடாக் கடை சிலிண்டரிலிருந்து கரியமில வாயு அதற்குள் மெல்ல இறங்குகிறது. வெயில் அதை எரிவாயுவாக மாற்ற வேண்டும். ஆய்வகத்து விளக்கொளியில் மாறியது. நிஜ வெயிலில் இன்றுதான் முதல்முறை. செங்கல்லில் சாய்ந்திருக்கும் கைப்பேசியில், பொடியைச் செய்தனுப்பிய இங்ரித் நார்வேயிலிருந்து கம்பளிக் குல்லாயுடன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேகம் ஒன்று சூரியனை மறைக்கிறது. எரிவாயுவை அளக்கும் மானியில் பூஜ்யம் அசையவே இல்லை. தபஸ்ஸும் அண்ணாந்து மேகத்தைப் பார்க்கிறாள். "போயிக்கினுதான் இருக்குதும்மா, கொஞ்சம் இரு," என்கிறார் அப்பா, மேகத்தைத் தானே விரட்டுகிறவர்போலக் கையை வீசி. எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் விரிந்து, கொடியில் காயும் துப்பட்டாக்களைத் தாண்டி வந்து குழாயில் விழுகிறது. எண் மாறுகிறது, ஏறுகிறது. "வந்துடுச்சுப்பா," என்கிறாள் தபஸ்ஸும். இங்ரித் கைதட்டுகிறாள். பிறகு தயங்கித் தயங்கி, வானத்தைக் காட்ட முடியுமா என்று கேட்கிறாள். அவள் ஊரில் சூரியன் தலைகாட்டி வாரக்கணக்காகிறது. தபஸ்ஸும் சிரித்தபடி கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறாள். திரையில் இங்ரித் குல்லாயைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி முகத்தை நிமிர்த்துகிறாள். "அப்படியே புடிச்சிக்கினு இரும்மா," என்கிறார் அப்பா.