புது ஹெட்லைட்

ஜெய்னுதீனின் பழைய ஜீப்புக்குப் புது ஹெட்லைட் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தது. தீவின் அபர்டீன் பஜாரில் அதை மாட்டிக்கொடுத்த மெக்கானிக் தங்கையா கேட்டார்.

"தேங்காய் ஏத்துற வண்டிக்கு எதுக்கு பாய் இவ்வளவு வெளிச்சம்?"

"கரீமாவுக்கு இது பத்தாம் மாசம். போன தடவை ராத்திரி வலி வந்தப்போ, மங்கின லைட்ல மலைப்பாதை தெரியாம ஊர்ந்துதான் போனேன். ஆஸ்பத்திரி வாசல்லயே பிள்ளை போயிருச்சு."

வீடு திரும்பியதும் ஜெய்னுதீன் விளக்கைப் போட்டுக் காட்டினான். தூரத்து வளைவு வரை பாதை பளிச்சென்று தெரிந்தது.

"இனி பயமில்லைங்க" என்றாள் கரீமா.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் போலீஸ்காரர் ஜெயராமன் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். ஒரு கீற்று மட்டும் விட்டு, இரண்டு விளக்குகளுக்கும் கறுப்பு அடித்தார்.

"சாப், என்ன பண்றீங்க?"

"ரேடியோ கேக்கலையா பாய்? பாகிஸ்தானோட லடாய் ஆரம்பிச்சாச்சு. தீவு முழுக்க பிளாக்அவுட், ராத்திரி வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது. எல்லா வண்டிக்கும் இதுதான் ஹுக்கும்."

கரீமா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு வலி எடுத்திருந்தது.

ஜெயராமன் ஈரப் பெயிண்டைப் பார்த்தார். அதைத் துடைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஜெய்னுதீனின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வாங்கித் தன் முதுகில் கட்டிக்கொண்டார்.

"நான் முன்னால ஓடுறேன். இதைப் பார்த்து ஓட்டு."

இருட்டிக்கொண்டு வந்தது. அவர் ஓடிய வேகத்தில்தான் ஜீப் போக முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆறு மைல் இருந்தது.