நிற்காத த்ரெட்

"அப்ளிகேஷனைத் தூக்கியாச்சுங்க சார். ஆனா உள்ள தானா ஓடற ஒரு த்ரெட் மட்டும் நிக்கவே மாட்டேங்குதுங்க" என்றாள் லோகப்பிரியா.

நான்காவது முறையாகத் தோற்றிருந்தார்கள். பழைய ஜாவா அப்ளிகேஷனை இன்றைக்குள் சர்வரிலிருந்து முழுதாக நீக்கியாக வேண்டும்.

"எந்தக் கூமுட்டை எழுதுனானோ! புரோகிராமைத் தொறந்து பாரு அம்மணி" என்று எரிந்து விழுந்தான் கிருபாசங்கர்.

திறந்து பார்த்தாள்.

"தினமும் மதியம் ஒரு மணிக்கு ஒரு நம்பருக்கு மெசேஜ் போகுதுங்க சார். 'அம்மா, நான் சாப்டுட்டனுங்க. நீங்க சாப்டீங்களா?' மூணு வருசமா இதேதான். பெத்தவளுக்கு மெசேஜ் போடக்கூட மெஷினை வெச்சிருக்கான் பாருங்க!"

கிருபாசங்கர் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரையருகே வந்தான். அவள் தொடர்ந்தாள்.

"அந்தம்மா தினமும் பதில் போட்டிருக்காங்க. எல்லாம் சர்வர்லயே கிடக்குது, ஒண்ணைக்கூட யாரும் படிக்கலை. கடைசிப் பதில் ஜூலை இருபத்தி நாலுங்க. 'மூணு நாளாச் சோறு எறங்கலை சாமி. ஒருக்கா வந்துட்டுப் போ.' அப்புறம் பதிலே இல்லை. அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பாக்கட்டுங்களா?"

"வேண்டாம் அம்மணி" என்றான் கிருபாசங்கர். "இருபத்தாறாந்தேதி எங்கம்மாவுக்கு நான் கொள்ளி வெச்சேன்."