முன் இருக்கை

ஒரு காலத்தில் மூன்று ஷிப்டும் ஓடிய அந்தக் கார்த் தொழிற்சாலைக்கு இப்போது ஒரே ஓர் ஆர்டர்தான் எஞ்சியிருந்தது. மாதிரிக் கார் அன்றைய சோதனை ஓட்டத்தில் தேறினால் தொழிற்சாலை நடக்கும், தேறாவிட்டால் பூட்டப்படும்.

காரை ஓட்டிப் பார்ப்பவர் சாவியைத் திருப்பியதும், பெல்ட் அணியச் சொல்லும் மணி ஒலித்தது. அவர் அணிந்திருந்தார். மணி பக்கத்து இருக்கைக்காக ஒலித்தது. அதில் எவரும் இல்லை. எலெக்ட்ரீஷியனான அவருடைய மைத்துனன் சென்சாரை மாற்றிப் பார்த்தான். மணி ஓயவில்லை.

“அத்தான், பேசாம அந்த பெல்ட்டையும் மாட்டி விடுங்க.”

“ஆளே இல்லாத சீட்டுக்கா?”

“கம்பெனியை மூடிட்டா நம்ம ரெண்டு வீட்லயும் அடுப்பு எரியாது. அக்கா என்னைத்தான் உரிச்செடுப்பா.”

அவர் பெல்ட்டை மாட்டினார். மணி நின்றது. ஆனால் பெல்ட் இருக்கையில் படியாமல், ஒருவர் மார்பின்மேல் கிடப்பதுபோல் விலகி நின்றது. அவர் அந்தப் பக்கம் பாராமலே ஓட்டி முடித்து, கார் தேறியதென்று கையெழுத்திட்டார். மறுபடி வந்து பார்த்தபோது பெல்ட் கழற்றப்பட்டிருந்தது. தான் தொடவில்லை என்றான் மைத்துனன்.

மாலையில் அவர் தம் பழைய காரைக் கடைத்தெருவில் காத்திருந்த மனைவியின் அருகே நிறுத்தினார். அவள் முன்கதவைத் திறந்தாள், சற்றுத் தயங்கினாள்.

“பரவாயில்லைங்க, நீங்களே உட்காருங்க” என்று வெறும் இருக்கையை நோக்கிச் சொல்லிவிட்டு, கதவை மெல்லச் சாத்திப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கார் நகர்ந்ததும் அவருடைய காதருகே குனிந்தாள்.

“ஏங்க, அவர் ஏன் ரோட்டைப் பார்க்காம உங்களையே பார்த்துக்கிட்டு வர்றார்?”