முதல் பரிசு சித்தப்பாவுக்கு

நான் செய்தது தப்புதான். ஆனால் குரல் அவ்வளவு அருமையாக அமைந்துவிட்டது.

மூக்கில் கொஞ்சம் சளி, தொண்டையில் கொஞ்சம் கர்வம். பத்திரிகை ஆசிரியர் ரெடி. மொட்டைமாடியில் நின்று, தோழியின் போனிலிருந்து சித்தப்பாவைக் கூப்பிட்டேன். போன வாரக் குறுக்கெழுத்தில் எல்லா விடையும் சரி, முதல் பரிசு உங்களுக்குத்தான், வருகிற சனிக்கிழமை பேப்பரில் பெயர் வரும் என்றேன்.

"அப்படிங்களா சார்" என்றார். அவ்வளவுதான்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை மத்தியானமானால் பேப்பரும் பென்சிலுமாக ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். திரைச்சீலை முகத்தில் வந்து உரசும், தெரியாது. 'மேலிருந்து கீழ், ஏழெழுத்து' என்று முணுமுணுத்தபடி எங்கேயோ மிதப்பார். கட்டம் கட்டமாக நிரப்பி என்னத்தைக் கண்டீங்க என்று சித்தி வாராவாரம் அர்ச்சனை பண்ணுவாள்.

நான் கூப்பிட்டபோது அவர் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுச் சித்தி கிளம்பினாள். எதிர்வீடு, கீழ்வீடு, மாடிப்படி துடைக்கிறவர் வரை ஒருவர் பாக்கியில்லை.

அந்த வாரம் வீடே தரையில் கால் படாமல் நடந்தது. லிஃப்டில் பார்த்தவர்களெல்லாம் சித்தப்பாவிடம் கஷ்டமான வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்கள். அவர் தூக்கத்தில் சிரிக்கிற குழந்தை மாதிரி சிரித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. விடிந்தால் பேப்பர் வரும், பெயர் இருக்காது, கட்டடமே அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

சித்தப்பாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். என் சொந்தக் குரலில்.

"ஏமாத்துன்னு அப்பவே தெரியும்மா. நீதான்னு தெரியாது" என்றார். "நான் ஒரு தடவைகூட விடையை அனுப்பினதே இல்ல. தப்பாயிட்டா என்ன பண்றதுன்னு பயம்."

அப்புறம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

"சித்தி முகத்தைப் பார்த்தியா? அதை எப்படி வாட விடறது? நாளைக்கு அச்சுல விட்டுப்போச்சுன்னு ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். சித்தி அலமாரித் தட்டுகளுக்குப் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். டப்பாக்களுக்கு அடியில் எங்கே பார்த்தாலும் பென்சிலால் நிரப்பிய குறுக்கெழுத்து. ஒன்றிலும் கத்தரி படவில்லை. நான் முதல் பரிசு கொடுத்ததும் மேல்தட்டில் இருந்தது.

நான் பார்ப்பதைச் சித்தி பார்த்துவிட்டாள்.

"வெட்டி அனுப்பியிருந்தா இதெல்லாம் இங்க எப்படி இருக்கும்? போன் வந்த அன்னிக்கே தெரியும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்கு விளம்பரம் பிடிக்காது, பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டார்னு எல்லா வீட்லயும் சொல்லி வச்சிட்டேன். நீ அவர்கிட்ட எதையாவது உளறி வைக்காதடி. இந்த ஒரு வாரமாத்தான் மனுஷன் நிமிர்ந்து நடக்கறார்."