தையல்காரியின் விரல்

மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு, ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு தையல்காரி ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்கிறாள். ஆள்காட்டி விரலைக் குத்துகிறாள். ஊசி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன விரல், பொட்டு ரத்தம்கூட வரவில்லை. மோதிர விரலைக் குத்துகிறாள். துளியைத் தொட்டதும் சர்க்கரை பார்க்கும் கருவி கீச்சென்று கத்தி நூற்று அறுபத்தெட்டு காட்டுகிறது. இன்றைக்கும் அதிகம்தான். துணி வெட்டிக்கொண்டிருக்கும் மாமனாரின் கத்தரிக்கோல் பாதியில் நிற்கிறது. "பொய் சொல்ற பொட்டியத் தூக்கிப் போடும்மா. இதக் காட்டினா டாக்டரம்மா இன்சுலின் ஊசிதான் எழுதுவாங்க." "எழுதட்டும் மாமா. சோத்தக் குறைச்சேன், நடையா நடந்தேன், இறங்கலையே. உள்ள இருக்கறது என் புள்ள. போயும் போயும் ஒரு தையக்காரிகிட்டயா ஊசியக் காட்டிப் பயமுறுத்தறீங்க?" தைக்க வந்த வெள்ளைத் துணியில் ரத்தம் படாமலிருக்க விரலில் ஒரு வெட்டுத்துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் மிஷினை மிதிக்கிறாள். கத்தரிக்கோல் இன்னும் நகரவில்லை.