பெருவிரலுக்கு அடியில் ஒரு பாலம்

லாரி ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இரண்டு டிரைவர்களில், பஞ்சுப் பொதியை முதலில் கொண்டுபோய் இறக்குகிறவனுக்குத்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வழியில் டீக்கடையில் மாசானம் காகித வரைபடத்தை விரித்ததும் மிக்கேல் சிரித்தான்.

"ஏல, இன்னுமா காயிதத்தத் தடவிக்கிட்டு இருக்க? போன் குறுக்குவழி காட்டுது பாரு, இருபது கிலோமீட்டர் மிச்சம். ஒம் படத்துல அந்த ரோடு இருக்கா மக்கா?"

இருந்தது. முன்பு அந்த வழியில் போன யாரோ ஒரு டிரைவர், பின்னால் வருகிறவர்களுக்காக அதன்மேல் கறுப்பு மையால் எழுதிவைத்திருந்தார்: 'ரயில் பாலத்துக்கு அடியில் பத்தடிதான் உயரம். லோடு வண்டியோடு போகாதே.'

மாசானம் அந்த எழுத்தின்மேல் பெருவிரலை வைத்தான்.

"இருக்கு. நேரா போ."

மிக்கேல் தன் பரோட்டாவில் பாதியை இலையோடு கிழித்து வரைபடத்தின் ஓரத்தில் வைத்தான். "வெறும் டீயக் குடிச்சிட்டு வண்டி ஓட்டாதல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவன் லாரியில் உயர்ந்திருந்த பொதியின் உச்சி கண்ணுக்கு மறையும்வரை மாசானம் விரலை எடுக்கவில்லை. எடுத்தபோது எழுத்து வியர்வையில் கலங்கிப்போயிருந்தது. விரலில் கறுப்பு ஒட்டியிருந்தது. பசித்தது. அந்த விரலாலேயே பரோட்டாவைப் பிய்த்தான். இன்னும் சூடு ஆறவில்லை.